ஹோம்ல சாப்பாடு போட்டோம் – 3 ஸ்டார்தான்

பையன் பொறந்தநாளுக்கு மேலூர் ரோட்டுல ஒரு குழந்தைங்க ஹோம்ல மதிய சாப்பாடு குடுத்தோம், பேரு வேணாம். சமையக்கட்டு சுத்தம், பாத்ரூம் கூட பரவால்ல. ஆனா தட்டுக்கு அடியில பெயிண்ட்ல நம்பர், 27ம் நம்பர் தட்டு வச்சிருந்த பொண்ணு இன்னொரு அப்பளம் வேணும்னு வாயத் தொறந்து கேக்கல, வார்டன் மூஞ்சியவே பாத்துச்சு, அதுக்கும் மேல சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி எங்க பையனுக்கு எல்லாரையும் பாட்டு பாட வச்சாங்க, எனக்கு கூசிப்போச்சு.

எங்க தெருவுல ஒரு அக்கா வளர்ப்புப் பராமரிப்புல 9 வயசு பையன வச்சிருக்காங்க. தத்து இல்லங்க, ஹோமுக்குப் பதிலா ஒரு குடும்பம் குழந்தைய வீட்டுல வச்சு வளக்குறது, 2015 சிறார் நீதிச் சட்டத்துல உள்ள ஏற்பாடு, வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க, குழந்தைகள் நலக் குழு ஆர்டர் போடணும், மிஷன் வாத்சல்யா திட்டத்துல மாசம் 4000 ரூபா உதவி உண்டு. (4000 இந்தக் காலத்துல எந்த மூலைக்கு, அது வேற.) வந்த புதுசுல இட்லிய தலகாணிக்கு அடியில ஒளிச்சு வப்பானாம். இப்ப என்னடான்னா சட்னில உப்பு பத்தலன்னு அக்காகிட்ட காலங்காத்தால சண்ட, எங்க வீடு வரைக்கும் கேக்குது. அதுக்கு 5 ஸ்டார்.