“டி டிரைவுல கை வைக்க மாட்டேன்கா” என்றார். டெஸ்க்டாப் மொத்தமும் போய்விட்டது

டி.டி.பி. சென்டர், ஜெராக்ஸ் கடை, பத்திரம் எழுதும் இடம் என்று கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

தாலுகா ஆபீஸ் எதிரில் பதினொரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி போஸ்டர், கோயில் நோட்டீஸ் எல்லாம் இங்கே அடித்து, பெரிய ஆர்டராக இருந்தால் சிவகாசிக்கு அனுப்புவேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிகிறது என்று ஸ்க்ரீனில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. தீபாவளி வேலை முடிந்ததும், ஊரில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டேன்.

வந்து பார்த்தவர், “இந்த வெர்ஷன் செத்துடுச்சுக்கா. இனி நெட் போட்டாலே வைரஸ் வந்துடும். பதினொண்ணு போட்டுடலாம், ஒரிஜினல் கீயோட 2,500 ரூபா” என்றார். கீ என்றால் விண்டோஸின் உரிம எண். ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாதே என்று இரண்டு தடவை கேட்டேன். “டி டிரைவுல கை வைக்க மாட்டேன்கா, எல்லாம் சேஃப்” என்றார். (கம்ப்யூட்டரின் சேமிப்பிடம் சி, டி என்று பிரிந்திருக்கும்; விண்டோஸ் இருப்பது சி-யில்.) டெஸ்க்டாப்பில் இருப்பது என்னாகும் என்று தனியாகவும் கேட்டேன். “அதுவும் இருக்கும்கா.” சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் கொண்டுவந்து மாட்டி ஆன் செய்தார். என் மகள் படம் இருந்த இடத்தில் நீல நிறத்தில் பூ மாதிரி ஒரு படம். இடது மூலையில் குப்பைத்தொட்டி. வேறு ஒன்றுமே இல்லை.

டி டிரைவ் அப்படியே இருந்தது உண்மைதான். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், ஃபான்ட் ஃபோல்டர் நான்கும் இருப்பது சி-யில். அதைத்தான் ஃபார்மட் அடித்து மொத்தமாக அழித்திருந்தார். சர்வீஸ் தொழில் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

போனவை என்னென்ன என்று சொன்னால்தான் எங்கள் தொழில்காரர்களுக்குப் புரியும். தை மாதக் கும்பாபிஷேகத்துக்கான 64 பக்க மலர், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரில் பாதி முடிந்திருந்தது. ஒரு பெரியவர் மனைவியின் முதல் வருட நினைவஞ்சலிக்காகப் பூஞ்சை பிடித்த ஒரே ஒரு போட்டோவைக் கொடுத்திருந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து அந்த அம்மாவின் முகத்தில் இருந்த கறையை ஒவ்வொரு புள்ளியாக எடுத்திருந்தேன். அதுவும் போயிற்று. நான் சேர்த்துவைத்திருந்த தமிழ் ஃபான்ட்களும் போயின. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும் பழைய ஃபான்ட். டி-யில் தப்பிய பழைய பாமினி ஃபைலைத் திறந்தால் ‘அம்மா’ என்று அடித்த இடத்தில் ஆங்கிலத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடில் அடித்திருந்தால் இந்த ஃபான்ட் பிரச்சினை இல்லை. ஆனால் பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல், அதில் தமிழ் யூனிகோட் ஓடாது. எங்கள் பழைய வேலை எல்லாம் அதில்தான் கிடக்கிறது.

மதுரையில் டேட்டா மீட்கும் கடைக்கு எடுத்துப்போனேன். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஃபார்மட் செய்த பிறகும் ஓரளவு மீட்கலாம். என் சி டிரைவ் எஸ்.எஸ்.டி., அதாவது சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் சேமிக்கும் புது வகை. ஃபார்மட் ஆனதுமே அது அந்த இடங்களைத் தானே துடைத்துவிடும் என்று கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். முகத்துக்கு நேராக உண்மையைச் சொன்ன அந்த மனிதருக்கு நன்றி.

இத்தோடு முடியவில்லை. இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன் வந்து பார்த்தான். செட்டிங்ஸில் சிஸ்டம் பக்கத்தைத் திறந்தால், போட்டிருப்பது எண்டர்பிரைஸ், அதாவது பெரிய நிறுவனங்களுக்கான பதிப்பு. விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் சேர்த்து அழுத்தி, வந்த பெட்டியில் எஸ்.எல்.எம்.ஜி.ஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு, எக்ஸ்.பி.ஆர் என்று அடித்தான். ஏப்ரல் மாதத் தேதி ஒன்றைக் காட்டியது. காசு கொடுத்து வாங்கிய உரிமத்துக்குக் காலாவதித் தேதியே வராது. நிறுவனங்களில் 180 நாளுக்குள் ஒருமுறையாவது தங்கள் சர்வரிடம் புதுப்பித்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அந்த சர்வர் மாதிரியே நடிக்கும் திருட்டு மென்பொருளை சர்வீஸ்காரர் என் மெஷினுக்குள் வைத்திருந்தார். அது மாட்டிக்கொள்ளாமல் இருக்க, விண்டோஸ் செக்யூரிட்டியில் ஒரு ஃபோல்டரைச் சோதனையிலிருந்து விலக்கியும் வைத்திருந்தார். ஊர் சனத்தின் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் இருக்கிற மெஷின் அது. வைரஸுக்குப் பயந்துதானே அவரைக் கூப்பிட்டேன்!

இதெல்லாம் தேவையே இல்லை என்று தெரிந்தபோதுதான் ரொம்பவும் வலித்தது. ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்து, மெஷினும் தகுதியாக இருந்தால் 11 இலவசம். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்திலேயே வரும், ஃபைல்களும் புரோகிராம்களும் இருந்த இடத்தில் இருக்கும். தகுதி இருக்கிறதா என்று பார்க்க மைக்ரோசாஃப்டே ‘பிசி ஹெல்த் செக்’ என்று ஒரு புரோகிராம் இலவசமாகத் தருகிறது. என்னுடைய மெஷினின் பிராசஸர் இன்டெல் ஐ5-7400. கோட்டுக்குப் பிறகு வரும் 7 என்பது ஏழாம் தலைமுறை. 11-க்குப் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். சோதனையை ஏமாற்றித்தான் உள்ளே நுழைத்திருக்கிறார். அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

என் மாதிரி பழைய மெஷினுக்கும் வழி இருந்திருக்கிறது. விண்டோஸ் 10-இலேயே இருந்துகொண்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் கிடைக்கும். அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு இருக்கிறது. அக்கா மகன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் 10 ஹோமையே திரும்பப் போட்டான். கீ எதுவும் கேட்கவில்லை. 2017-இல் வாங்கிய உரிமம் மதர்போர்டோடு பதிவாகி இருந்ததால் நெட் கொடுத்ததும் தானே ஆக்டிவேட் ஆனது. ஒரிஜினல் என்னிடமே இருக்க, 2,500 ரூபாய் கொடுத்துத் திருட்டை வாங்கியிருக்கிறேன்.

சர்வீஸ்காரரிடம் போய்க் கேட்டேன். “பேக்கப் எடுக்க வேண்டியது உங்க பொறுப்புக்கா” என்றார். பில் கேட்டதற்கு, பில் போட்டால் ஜி.எஸ்.டி. சேரும் என்றார். பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஜிபே ரசீதும், எல்லாம் சேஃப் என்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜும் இருந்ததால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். நீங்கள் மெஷினைக் கொடுக்கும்போது ‘ஃபார்மட் செய்வீர்களா, மாட்டீர்களா’ என்று வாட்ஸ்அப்பிலேயே கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். டெஸ்க்டாப்பையும் ஃபான்ட் ஃபோல்டரையும் பென் டிரைவில் ஏற்றி, அது உங்கள் கையில் இருந்த பிறகு சி.பி.யு. கடையை விட்டு வெளியே போகட்டும்.

பெரியவரிடம் விஷயத்தைச் சொல்லி அந்தப் போட்டோவை மறுபடி வாங்கி ஸ்கேன் செய்துவிட்டேன். கும்பாபிஷேக மலரின் முதல் 30 பக்கத்துக்கான ப்ரூஃப் தாள்கள் குருக்கள் வீட்டில் பத்திரமாக இருந்தன. அதைப் பார்த்து அடித்துக்கொண்டிருக்கிறேன்; இன்று பதினேழாம் பக்கம்.