தீம் பார்க் பயண டைரி: திட்டமிட நல்லது, நினைவுக்குச் சொதப்பல்

சின்னப் பிள்ளைகளோடு தீம் பார்க் போகிறவர்களுக்கென்றே விற்கிற பயண டைரி ஒன்றை வாங்கினேன். திட்டமிடும் பக்கங்கள் அருமை, முக்கியமாக எந்த ரைடுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று எழுதிவைக்கும் கட்டம். டிஸ்னி வேர்ல்டின் ஸ்பேஸ் மவுண்டனுக்கு 112 செ.மீ. வேண்டும், என் மகள் 105 தான், அதை வீட்டிலேயே அளந்து காட்டிப் புரியவைத்துவிட்டதால் அங்கே போய் அழுகை இல்லை. அப்பாவும் அம்மாவும் மாறி மாறி ஏறும் ரைடர் ஸ்விட்ச் வசதியைக் குறிக்க இடமில்லை, ஓரத்தில் கிறுக்கிக்கொண்டேன். மதியத் தூக்கத்துக்கும் கட்டம் கிடையாது (தயாரித்தவருக்குப் பிள்ளைகள் இல்லை போல!). நினைவுப் பக்கங்கள்தான் மோசம். வழவழ தாள், ஜெல் பேனா மை காயவே இல்லை, மகள் வரைந்த கோட்டையில் பாதி அவள் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. வாங்குவதானால் பால்பாயிண்ட் பேனாவை மறக்காதீர்கள்.