மலையில் குடியிருப்பவர்கள் பழைய ஆட்டோ கியர் காடி வாங்கும் முன் படிக்கவும்

கேமரன் மலையில் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் இருந்துகொண்டு ஈப்போவில் பழைய காடி பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். இரட்டை கிளட்ச் என்ற வேறு வகை ஆட்டோ கியர் காடி என்று தெரியாமல் வாங்கி, ஐந்து மாதத்தில் எனக்கு 6,300 வெள்ளி போய்விட்டது.

நான் ரிங்லெட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி. பத்து வருடம் பழைய மைவி ஆட்டோ காடிதான் ஓட்டினேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அம்மாவையும் மாதா மாதம் மருந்துக்குத் தாப்பாவுக்கு இறக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் பெரிய காடியாகத் தேடினேன். விற்பனைக்கு நின்ற தம்பியும் நம் ஆள்தான். போகும் முன்பே வாட்ஸ்அப்பில் கேட்டேன்: "தம்பி, நான் மலையில இருக்கேன். தினமும் ஏத்தம் இறக்கம்தான். தாங்குமா?" "ஆட்டோதானே அண்ணே, உங்க மைவி மாதிரியே மிதிச்சா போதும்" என்று பதில் போட்டார். இரட்டை கிளட்ச் என்ற பேச்சே வரவில்லை. ஓட்டிப் பார்க்க நெடுஞ்சாலைக்குக் கூட்டிப்போனார். அங்கே வழுக்கிக்கொண்டு ஓடியது. நம்பிக் கையெழுத்துப் போட்டேன்.

மூன்றாம் மாதம் பள்ளி விடுமுறை. கியா ஃபார்ம் ஏற்றத்தில் வழக்கமான நெரிசல். மைவியில் செய்தபடியே பிரேக்கை விட்டு, எண்ணெயை (ஆக்சிலரேட்டரை) லேசாக மிதித்துக் காடியை ஏற்றத்தில் பிடித்துக்கொண்டே ஊர்ந்தேன். அரை மணி நேரம் இப்படி. முதலில் ஒன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் நடுவே உதறியது. அப்புறம் ஒரு வாடை. பின்னால் இருந்த அம்மா, "என்னமோ கருகுதுய்யா" என்றார். அடுத்த முறை பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் காடி பின்னால் சரிந்தது. பின்னால் நின்ற வேனுக்கும் எங்களுக்கும் ஒரு முழம்தான் இருந்தது. கைபிரேக்கை இழுத்து நிறுத்தியபோது கியர் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கடைக்குப் போனால், "நீங்க ஓட்டுற விதம் அண்ணே" என்றார்கள். அவர்களே ஒரு பட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே 1,800 வெள்ளி. பில்லில் முதல் வரி: "கிளட்ச் ஆயில் மாற்றியது". இரண்டே வாரத்தில் மறுபடியும் அதே உதறல். இப்போது முழு கியர்பாக்ஸும் மாற்ற வேண்டும், 14,000 வெள்ளி என்றார்கள்.

பீடோரில் ஒரு வயதான போமேன் (மெக்கானிக்)தான் என்னைக் காப்பாற்றினார். பில்லைப் பார்த்ததுமே, "இது காஞ்ச கிளட்ச். இதுல ஏதுய்யா கிளட்ச் ஆயில்?" என்று கேட்டார். என் எதிரிலேயே கழற்றினார். தகடு ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தது. விரலால் தடவினால் கரித்தூள் ஒட்டியது. கியர்பாக்ஸில் பழுதே இல்லை. கிளட்ச் மட்டும் மாற்றி 4,500 வெள்ளியில் முடித்தார்.

அவர் விளக்கியது இதுதான். சாதாரண ஆட்டோவில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே விசையைக் கடத்துவது எண்ணெய். ஊர்ந்து போனால் தேய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. இரட்டை கிளட்ச் அப்படி இல்லை. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று என இரண்டு கிளட்ச். மேனுவல் காடியில் நாம் காலால் செய்வதைக் கணினி செய்கிறது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தே நிறுத்தி வைத்தால் அரை கிளட்ச்சில் நிற்பதற்குச் சமம். ஈர வகையில் கிளட்ச் எண்ணெயில் நனைந்திருக்கும், அந்தச் சூட்டை எண்ணெய் இழுத்துக்கொள்ளும். புரோட்டோன் எக்ஸ்50-இல் இருப்பது அந்த வகை. காய்ந்த வகைக்குக் காற்றைத் தவிர வேறு குளிர்ச்சி இல்லை.

இப்போது நெரிசலில் பிரேக்கை முழுதாக மிதித்தே நிற்கிறேன். முன்னால் ஒரு காடி நீளம் இடம் கிடைத்த பிறகுதான், ஒரே மூச்சில் ஏறுவேன். ஏற்றப் பிடிப்பு வசதி இருந்தாலும் அது காலை எடுத்தபின் இரண்டு வினாடி அளவுக்குத்தான் பிடிக்கும். இதைச் சொல்ல அந்தத் தம்பிக்கு இரண்டு நிமிடம் போதுமே! காடியை நான் குறை சொல்லவில்லை. கீழே நெடுஞ்சாலையில் அருமையாகத்தான் ஓடுகிறது. மலைக்கு என்று தெரிந்தும் மறைத்து விற்றதுதான் எனக்கு ஆறவில்லை.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் வேண்டாம். இன்ன தேவைக்கு என்று சொல்லி வாங்கினால் பொருள் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதனால்தான் அந்த வாட்ஸ்அப் பதிலை அழிக்காமல் வைத்திருக்கிறேன். நீங்களும் கேட்பதை வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் நிறுவனத்தின் வாகனச் சோதனையை நம்பி இருந்துவிடாதீர்கள். அதில் கிளட்ச்சைக் கழற்றிப் பார்க்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவின் மகளும் காடி பார்க்கிறாள். சனிக்கிழமை அவளோடு நானும் ஈப்போவுக்கு இறங்குகிறேன். இந்த முறை நெடுஞ்சாலை வேண்டாம், அடுக்குமாடிக் கார் நிறுத்தத்துக்கு விடச் சொல்லியிருக்கிறேன். சரிவின் நடுவில் நிறுத்தி, பிரேக்கை விட்டு, மெல்ல மெல்ல நாலு தடவை ஏற்றிப் பார்க்கப் போகிறோம். சம்மதிக்காத கடைக்குள் நுழையப் போவதில்லை.