செம்மண்ணில் நான்கு வருடம்: 28,500 ரூபாய் கியர் சைக்கிள்

2021 ஆகஸ்டில் வாங்கிய வண்டி. இப்போது மீட்டரில் 6,400 கிலோமீட்டர் காட்டுகிறது. அதில் பாதிக்கு மேல் மண் தடம். கோவைக்கு வடமேற்கே சின்னத்தடாகம், வீரபாண்டிப் பக்கம்தான் என் ஓட்டமெல்லாம். தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரி என்னும் மண்வழி, தண்ணீர் இல்லாத ஓடை, செங்கல் சூளைக்கு மண் எடுத்துவிட்டுப் போன பள்ளங்கள். மலை ஏறி இறங்கும் பெரிய தடம் எதுவும் இல்லை. ஆனால் கல்லும் வேரும் சரளையும் உண்டு, வண்டியைப் பதம் பார்க்க அதுவே போதும்.

வாங்கப் போனபோது என்னிடம் இருந்தது 30,000 ரூபாய். மனதில் மூன்றே கேள்வி: எத்தனை கியர், முன்னால் ஷாக் உண்டா, டிஸ்க் பிரேக்கா? கடைக்காரர் மூன்றுக்கும் 'இருக்குதுங்க' என்றார். 21 கியர் (முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு), 29 இஞ்ச் சக்கரம், அலுமினிய ஃபிரேம். ஹெல்மெட்டோடு சேர்த்துப் பில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பின் சக்கரத்தை யாரும் எனக்குக் காட்டவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடைக்குள் இறங்கி ஏறும்போது பின்னால் 'கிறுக் கிறுக்' என்று சத்தம். சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து டயர் ஃபிரேமில் உரசியது. தள்ளிக்கொண்டே ஊருக்குள் வந்து, நாற்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் காட்டினேன். அவர் சக்கரத்தின் நடுவே போகும் ஆக்ஸில் கம்பியைக் கழற்றி, கடை வாசலில் கிடந்த கடப்பாக்கல் மேல் வைத்து விரலால் உருட்டிவிட்டார். நேராக இருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். இது எழும்பி எழும்பி நொண்டியது.

"வாழக்காயாட்ட இருக்குது பாருங்க தம்பி. ரோட்டுல மட்டும் ஓட்டுனா இது போதுங்க. நீங்க எங்க கொண்டுபோய் உட்டீங்க?"

புது ஆக்ஸிலும், சக்கரம் உருள உதவும் பால்ரஸ் குண்டுகளும் போட்டுக் கொடுத்தார், 250 ரூபாய். எட்டே மாதத்தில் அதுவும் வளைந்தது.

விஷயம் இதுதான். விலை குறைந்த கியர் சைக்கிள்களில் பின்னால் இருப்பது ஃப்ரீவீல். பல்சக்கரக் கொத்து அப்படியே சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் மரையில் திருகப்பட்டிருக்கும். அதனால் வலது பக்கத்து பால்ரஸ் அந்தக் கொத்துக்கு உள்பக்கம் போய்விடுகிறது. பால்ரஸில் இருந்து ஃபிரேம் வரைக்கும் ஆக்ஸில் அந்தரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு குதிப்பிலும் நம் எடை விழுவது அந்த அந்தரத்தில்தான். கொத்தைத் திருகாமல், ஹப்பிலேயே உள்ள உருளையில் செருகும் கேசட் ஹப்பில் வலது பால்ரஸ் வெளியே, ஃபிரேமை ஒட்டி வந்துவிடும். ஆக்ஸில் அவ்வளவு சீக்கிரம் வளையாது. பின்னால் ஏழு கியர் என்றால் பெரும்பாலும் ஃப்ரீவீல். எட்டு என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், கேட்டே ஆக வேண்டும். ஒன்பதும் அதற்கு மேலும் என்றால் பெரும்பாலும் கேசட்தான், பயப்பட வேண்டாம்.

கடைசியில் கேசட் ஹப் போட்ட சக்கரம், 11-34 கேசட் (சின்னப் பல்சக்கரத்தில் 11 பல், பெரியதில் 34), கையில் கியர் மாற்றும் எட்டு கியர் ஷிஃப்டர், செயின் எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய் ஆனது. வாங்கும்போதே நான்காயிரமோ ஐந்தாயிரமோ கூடப் போட்டிருந்தால் இதெல்லாம் வண்டியிலேயே வந்திருக்கும். பின்னால் பல் கூடினால் மிதிப்பது லேசாகும்; 34 பல் வந்த பிறகு, மூச்சு வாங்க இறங்கித் தள்ளிய ஒரு ஏற்றத்தை உட்கார்ந்தபடியே ஏறினேன். முன்னால் இருக்கும் மூன்று பல்சக்கரங்களில் பெரியதை மண்ணில் நான் தொட்டதே கிடையாது. 21 என்ற எண்ணில் பாதி ஒன்றன்மேல் ஒன்று விழும் கியர்கள், ஸ்டிக்கருக்குத்தான் அழகு.

ஷாக் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த விலைக்கு வருவது ஸ்பிரிங் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு கால்களுக்குள் ஸ்பிரிங். அமுங்கும், அமுங்கிய வேகத்திலேயே திரும்பித் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்க உள்ளே உருப்படியாக எதுவும் இருக்காது. மேலே உள்ள திருகைத் திருகினால் கெட்டியாகும் என்று நினைத்து ஒரு வாரம் திருகிக்கொண்டிருந்தேன். அது ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தத்தை மாற்றுமே தவிர, ஸ்பிரிங்கின் கடினத்தை மாற்றாது. இரண்டு வருடத்தில் ஆட்டம் கண்டுவிட்டது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை முன்னும் பின்னும் அசைத்தால் 'டொக் டொக்' என்கிறது. ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ஏர் ஃபோர்க் மாற்றலாம் என்று விசாரித்தால் வண்டி விலையில் பாதி சொன்னார்கள். போதாததற்கு, ஃபோர்க்கின் தண்டு நுழையும் என் ஃபிரேமின் கழுத்து மேலிருந்து கீழ் வரை ஒரே அளவு; நல்ல ஃபோர்க்குகள் பெரும்பாலும் கீழே அகன்ற கழுத்துக்குத்தான் வருகின்றன. இது தெரிந்திருந்தால் கடையில் அந்தக் கழுத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்திருப்பேன். ஃபோர்க்கை அப்படியே விட்டுவிட்டேன். ஓட்டி முடித்ததும் அதன் கால்களில் ஒட்டிய தூசியைத் துணியால் துடைப்பதோடு சரி.

பின்னாலும் ஷாக் வைத்து, பத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு விற்கும் இரும்பு வண்டிகளைப் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி ஆசைப்பட்டு வாங்கிவிட வேண்டாம். ஏற்றத்தில் நாம் மிதிக்கும் மிதியில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங்கே தின்றுவிடும்.

பிரேக்கில் தப்பு என்னுடையது. வந்தது கேபிள் டிஸ்க்: கம்பி இழுக்க, இரண்டு பேட் கட்டைகள் டிஸ்க்கை அழுத்தும். அந்த வகையில் பெரும்பாலும் ஒரு பக்கத்துப் பேட் மட்டும்தான் நகரும், மற்றதை நாமே அவ்வப்போது திருகி நெருக்கி வைக்க வேண்டும். அதையெல்லாம் செய்துகொண்டுதான் இருந்தேன். ஒருநாள் செயினுக்கு ஸ்ப்ரே எண்ணெய் அடித்தபோது டிஸ்க்கிலும் பட்டிருக்கிறது, கவனிக்கவில்லை. மறுநாள் இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தால் எருமை கத்துவது போல் சத்தம் வந்ததே தவிர வண்டி நிற்கவில்லை. வேலி ஓரத்தில் விழுந்து எழுந்தேன், முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. எண்ணெய் குடித்த பேடைக் காப்பாற்ற முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். இப்போது சொட்டுச் சொட்டாக ஊற்றும் பாட்டில்தான். செயினின் உள்பக்கம் விட்டு, கால் மணி நேரம் கழித்து வெளியே துடைத்துவிடுகிறேன்.

அதோடு கம்பிக்குப் பதில் திரவ அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறினேன், இரண்டு பக்கமும் சேர்த்து 5,600. செலவழித்ததில் துளியும் வருத்தம் இல்லாத ஒரே செலவு இது. ஒற்றை விரல் போதும், கை கடுப்பதில்லை. இந்த மண்தட சைக்கிள் விளையாட்டு (மவுண்டன் பைக்கிங்) பிறந்த கதையே பிரேக்கில்தான் இருக்கிறது. 1976இல் கலிஃபோர்னியாவின் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே, கனத்த பழைய இரும்பு சைக்கிள்களில் மலைத்தடத்தில் இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக். கீழே வருவதற்குள் சூட்டில் உள்ளே இருந்த கிரீஸ் புகையாகிவிடும். திரும்ப கிரீஸ் அடைக்க வேண்டும் என்பதால் அந்தத் தடத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. அவர்களிடமும் காசு இருக்கவில்லை என்று அவ்வப்போது என்னைத் தேற்றிக்கொள்வேன்.

அப்புறம் டயர். காசு குறைவாக இருந்தால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் இதுதான். என் வண்டியோடு வந்த டயர், பார்க்க முரடாக இருக்கும், சரளையில் சோப்புக்கட்டி. முன்னால் மட்டும் 2.25 இஞ்ச் அகலத்தில், ரப்பர் மெத்தென்று இருக்கும் ஒன்றை 1,700 ரூபாய்க்கு மாற்றினேன். அன்றைக்கே வேறு வண்டி ஓட்டுவது போல இருந்தது. காற்றும் அதே அளவு முக்கியம். கடையில் 50 பிஎஸ்ஐ அடித்துக் கொடுத்தார்கள். அது தார் ரோட்டுக்கு. என் எடை 72 கிலோ, மண்ணில் முன்னால் 26, பின்னால் 30 வைக்கிறேன். அதற்கும் கீழே இறக்கிப் பார்த்தேன். கல்லில் மோதியதும் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கொத்தியது போல அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை.

பஞ்சர் கணக்கைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதல் மழைக்காலம் முடிந்த கையோடு, ஒரே காலையில் ஒரே ட்யூபில் பதினோரு ஓட்டை. எல்லாம் நெருஞ்சி. இட்டேரி ஓரத்தில் மஞ்சள் பூவோடு பார்க்க அத்தனை அழகாகப் படர்ந்திருக்கும், காய்ந்தால் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தபடிதான் கிடக்கும். ட்யூபுக்குள் ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவம் ஊற்றிய பிறகு இந்தச் சின்ன முட்கள் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. சீமைக்கருவேல முள் வேறு ஜாதி, அதற்குப் பையில் எப்போதும் ஒரு மாற்று ட்யூப். பின்னால் செயினைப் பல் மாற்றித் தள்ளும் டெரெய்லர் தொங்கும் ஹேங்கரும் ஒன்று வைத்திருக்கிறேன்; கல்லில் பட்டால் முதலில் வளைவது அதுதான், வண்டிக்கு வண்டி வடிவம் மாறும் என்பதால் அவசரத்துக்குக் கிடைக்காது.

ஃபிரேம் அளவில் மட்டும் அதிர்ஷ்டம். ஸ்டாக்கில் இருந்த பெரிய அளவைத் தள்ளிவிடத்தான் பார்த்தார்கள். ஐந்தடி ஏழு அங்குலம் இருக்கும் எனக்கு, மேல்தண்டின் மீது நின்றால் இடைவெளியே இல்லை. மண்ணில் வண்டி சட்டென்று நின்றால் காலூன்றக் குறைந்தது இரண்டு அங்குலமாவது வேண்டும். பத்து நாள் காத்திருந்து நடு அளவை வாங்கினேன். மற்றவற்றில் பலவற்றைப் பின்னால் மாற்றிவிட்டேன், இதை மாற்றியிருக்க முடியாது.

ஓட்டும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் புதிதாக வருபவர்கள் இருட்டோடு கிளம்பிவிடுகிறார்கள். யானை வலசை போகும் பள்ளத்தாக்கு இது. நன்றாக வெளிச்சம் வராமல் நான் இட்டேரிக்குள் இறங்குவதில்லை, காப்புக்காட்டு எல்லைக் கல்லைத் தாண்டுவதும் இல்லை.

ஆகமொத்தம் வண்டிக்கு 28,500, சக்கரம், பிரேக், டயர் என மேலே 14,500, செயினும் பேடுமாக ஒரு நாலாயிரம். வீட்டில் சொன்ன கணக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவு. போன மாதம் அலுவலகத் தம்பி ஒருவன் 32,000 ரூபாயோடு என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனான். அவன் ஷாக்கை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து பின் ஹப்பைப் பார்த்தேன். கடைப் பையன், "என்னங்ணா, காத்து இறங்கியிருக்குதுங்களா?" என்றான்.