18 மாத வளர்ச்சிப் பரிசோதனை: தூக்க வேளையில் போகாதீர்கள்

எங்கள் ஊர்க் குழந்தைகள் மருத்துவரிடம் மகளை 18 மாத வளர்ச்சிப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். திருவனந்தபுரம் வளர்ச்சி அட்டவணையை மேசையில் விரித்தார். பிறப்பு முதல் 2 வயது வரைக்கான 17 செயல்கள் அதில் கோடுகளாக இருக்கின்றன. குழந்தையின் வயதில் பென்சிலை நிமிர்த்தி வைத்தால், அதற்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட கோடுகளின் செயல்களை எல்லாம் அவள் செய்தாக வேண்டும்.

பிறகு ஆட்டிசம் அறிகுறிகளைக் கண்டறியும் 20 கேள்விகள். "விரலால் காட்டும் பொருளைத் திரும்பிப் பார்க்கிறாளா?" என்றபோது தடுமாறினேன். நான் வேலைக்குப் போகிறவள். மாமியார்தான், "காக்கையைக் காட்டினால் உடனே பார்ப்பாளே!" என்றார். பகலில் குழந்தையோடு இருப்பவரை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். பேசும் சொற்களை ஒரு வாரம் குறித்து வையுங்கள். 'மம்மு', 'பூ' என்று என் தாளில் 9 இருந்தன. தடுப்பூசி அட்டையும் வேண்டும்.

மருத்துவர் தரையில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தார், மனம் நிறைந்தது. காத்திருப்புதான் கொடுமை. ஒன்றரை மணி நேரம், அதுவும் அவள் தூங்கும் வேளையில். அழுதழுது, அடுக்கக் கொடுத்த விளையாட்டுக் கட்டைகளைத் தொடவே இல்லை. மருத்துவர் எதையும் முடிவு செய்யாமல், அடுத்த வாரம் காலையில் வரச் சொன்னார். அன்று மூன்று கட்டைகளை அடுக்கிவிட்டு என்னைப் பார்த்துக் கைதட்டினாள்.