பெட்டிக்குள் வைத்தால் பத்திரமா? வீணையோடு 11 வருடம்

2014-ல் தஞ்சாவூரில் வாங்கிய ஒட்டு வீணை என்னுடையது. மரம் பலா. குடம் (உருண்டையான அடிப்பாகம்), தண்டி (நீளமான கழுத்து), அதன் நுனியில் யாளி முகம், மூன்றையும் தனித்தனியாகச் செய்து சேர்த்தது. கூடவே ஒரு ஃபைபர் பெட்டியும் வாங்கினேன். உள்ளே சிவப்பு வெல்வெட், அடியில் நுரை மெத்தை. அதில் வைத்துப் பூட்டிவிட்டால் கவலையே இல்லை என்றுதான் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். தண்ணீர் ஏறுவதற்குள் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டோம். மூன்று வாரம் கழித்துத் திறந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. ஆனால் வெல்வெட் முழுக்க வெள்ளைப் பூசணம், முதல் தந்தியான சாரணியில் துரு. தந்தியை முறுக்கும் பிரடை ஒன்று ஊறி இறுகிப்போய்த் திருப்பவே முடியவில்லை. மழைக்காலக் காற்றோடு சேர்த்து மூடிய பெட்டி, அந்த ஈரத்தை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது அது வெளியூர் போகும்போது மட்டும்.

அடுத்து ஏசி அறை. பாதுகாப்பு என்று நம்பி நான் கெடுத்தது இங்கேதான். குடமும் தண்டியும் சேரும் இடத்தில் இரண்டாவது வருடம் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. வார்னிஷ்தான் வெடித்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆறு மாதத்தில் நகம் நுழையும் அளவு ஆனது. அப்புறம்தான் ஈரப்பதமானி ஒன்று வாங்கி அறையில் வைத்தேன். இரவு ஏசி ஓடும்போது 50 சதவீதம், பகலில் அணைத்துவிட்டால் 75. தினமும் இதே கூத்து. மரம் ஈரத்தை இழுத்தால் அகலவாக்கில் விரியும், நீளவாக்கில் அவ்வளவாக விரியாது. மர ரேகை வெவ்வேறு பக்கம் ஓடும் இரண்டு துண்டுகள் தினமும் விரிந்து சுருங்கினால் ஒட்டு எத்தனை நாள் தாங்கும்?

ஈரப்பதமானி வாங்குகிறவர்கள் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பு போட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு காற்றுப்புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது, அதனால் எப்போதும் நாலு கூட்டிக்கொள்கிறேன்.

இப்போது வீணை இருப்பது ஏசி இல்லாத உள்ளறையில். வெளிச்சுவரை ஒட்டாமல் மரப் பலகை மேல், மேலே அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை. ஈரம் 65-லிருந்து 72-க்குள் நிற்கிறது. புத்தகக் கணக்குக்கு இது அதிகம்தான். ஆனால் ஏழு வருடமாக ஒட்டு பிரியவில்லை.

வெயில் வேறு கதை. தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 உலோக மெட்டுகளும் உட்கார்ந்திருப்பது கரித்தூள் கலந்த மெழுகின் மேல். 2018 மே மாதம் காரில் ஒன்றரை மணி நேரம் விட்டுவிட்டேன். வந்து மீட்டினால் மேல் ஸ்தாயி முழுக்கக் கரகர. குனிந்து பார்த்தால் நாலைந்து மெட்டு ஒருபக்கமாக அமுங்கியிருந்தது. வீணை டீச்சர் பார்த்துவிட்டு, “ஏம்மா, வீணையை வறுத்தா எடுத்துண்டு வந்திருக்கே?” என்றார். மறுபடி மேளம் கட்டத்தான், அதாவது மெட்டுகளை மெழுகில் சுருதிக்குப் பொருத்தத்தான் வேண்டியிருந்தது.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் திறந்த அறையில் வீண். பெட்டிக்குள் உதவும், ஆனால் ஐப்பசி மழையில் நீல மணிகள் அஞ்சே நாளில் ரோஜா நிறமாகிவிடும். வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டினால் நிறம் திரும்பும் (சமையலுக்கு அந்த வாணலியைத் தொடாதீர்கள்). ஒரு மாதத்துக்கு மேல் வாசிக்கப் போவதில்லை என்றால் தந்திகளை ஒரு சுரம் இறக்குவேன். மொத்தமாகத் தளர்த்தமாட்டேன். தந்தியின் இழுப்பில்தான் குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரை இடம் மாறாமல் நிற்கிறது. வாசித்ததும் தந்தியைத் துணியால் துடைத்துவிடுவேன். வியர்வைக் கை எனக்கு.

தண்டிக்கு அடியில் மாட்டும் சுரைக்காயைக் கழற்றித் தனியாக, மூடியுள்ள டப்பாவில் வைக்கிறேன். நிஜச் சுரைக்காய் அது. போன வருடம் எலி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கடித்துவிட்டது. ஓட்டையை அடைத்துத்தான் வாசிக்கிறேன், சத்தத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. டீச்சருக்குத் தெரிகிறதாம்.