32 இன்ச் திரையும் அண்ணனின் கண்ணும்: ஒன்றரை வருட அனுபவம்

பனையிலிருந்து விழுந்த பிறகு அண்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. உச்சிப்புளி பக்கம், கடலை ஒட்டிய எங்கள் வீட்டில் ஐ ட்ராக்கரை, அதாவது கண் திரையில் எங்கே பார்க்கிறது என்று கண்டுபிடிக்கும் கருவியை வைத்துக் கண்ணாலேயே கம்ப்யூட்டர் ஓட்டுகிறார். குரலாலும் செய்யலாம்தான். ஆனால் யாருக்கு என்ன எழுதுகிறார் என்று வீடு முழுக்கக் கேட்கும், அது அவருக்குப் பிடிக்காது.

தப்பு என்னுடையது. பெரிதாக இருந்தால் சுலபம் என்று 32 இன்ச் மானிட்டர் வாங்கிவிட்டேன். ட்ராக்கர் பெட்டியில் 27 இன்ச் வரை என்று போட்டிருந்ததை அப்புறம்தான் படித்தேன். நடுவில் கச்சிதமாக நிற்கும் கர்சர் ஓரத்துக்குப் போனால் இரண்டு விரற்கடை தள்ளி விழும். தினமும் நாலைந்து தடவை கேலிபரேஷன், அதாவது திரையில் வரும் புள்ளிகளைப் பார்க்க வைத்து அவர் பார்வையைக் கருவிக்குப் பழக்குவது, செய்து பார்த்தோம். அது இன்னும் வினையானது. புள்ளி வரும் வரிசை அவருக்கு மனப்பாடமாகி, ஒரு புள்ளி வெடித்து மறையும் முன்பே கண் அடுத்த இடத்துக்குத் தாவிவிடும்.

கடைசியில் டேப்பை எடுத்து அளந்தேன். திரை அகலம் 71 செ.மீ. 65 செ.மீ. தூரத்தில் இருந்தால், ஓரத்தைப் பார்க்கக் கண் நடுவிலிருந்து 29 டிகிரி திரும்ப வேண்டும். 27 இன்ச்சில் அது 25தான். கருவிழியில் பட்டுத் தெறிக்கும் அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் கருவி கணக்குப் போடுகிறது. கண் அதிகம் திரும்பினால் கணக்குப் பிசகும். திரையை 75 செ.மீ.க்குத் தள்ளினேன், 25 டிகிரிக்கு வந்துவிட்டது. ஆனால் தூரம் கூடினால் ஒரு டிகிரி பிசகு திரையில் 1.1 செ.மீ.க்குப் பதில் 1.3 செ.மீ. ஆகும். அதற்காக எழுத்து, பொத்தான் எல்லாவற்றையும் 200 சதவீதமாக்கினேன். அதனால் வாசிப்புக் கண்ணாடியும் தேவையில்லாமல் போனது, அதன் பளபளப்புத் தொல்லையும் ஒழிந்தது.

இன்னொன்று பிடிபட ஆறு மாதமானது. தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்துக் கேலிபரேஷன் செய்வோம். அரை மணியில் உடம்பு கீழே சரிந்துவிடும். "போட்டோவுக்கா உட்கார வைக்கிற? நான் சரிஞ்சப்புறம் எடுடா" என்றார் ஒருநாள். சரிந்த நிலையில், திரையையும் அதற்கேற்பச் சாய்த்து, கேலிபரேஷன் எடுத்தபின் நாள் முழுக்கத் தாங்குகிறது. எடுக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். கண் காய்ந்தால் சிமிட்டல் கூடும்.

கிழக்கு ஜன்னல் வெயிலும் படுத்தியது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டே. நீலத் திரைச்சீலை எங்கள் கண்ணுக்கு மறைத்தது, கருவிக்கு மறைக்கவில்லை. பனையோலைப் பாயை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டதும் சரியானது. கச்சான் காற்றுக் காலத்தில் கருவியின் கறுப்பு முகப்பில் உப்புப் பிசுக்கு படிகிறது. வாரம் ஒருமுறை ஈரம் பிழிந்த மெல்லிய துணியால் துடைக்கிறேன்.

வலது மேல் மூலையில் இருக்கும் மூடும் பொத்தான் மட்டும் இன்னும் சிக்குவதில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டு, "டேய், இதைச் சாத்து" என்று கூப்பிடுகிறார்.